இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 4

மாமாவுக்கு,

செவ்வாய்க்கிழமை மாலை நாலு நாற்பதுக்குச் செய்தி வந்தது. சோதனைக் கூடத்தில் லாரி பிரேக் ஒன்றைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அத்தை அழுதுகொண்டே, "மாப்பிள்ளை, உங்க மாமாவுக்குப் பார்க்கின்சனாம், நரம்புல வர்ற வியாதியாம், போகப்போகக் கூடுமாம்" என்றார்கள். நான், "இது கொஞ்சம் ஆறட்டும் அத்தை, கூப்பிடறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை திரையில் சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தை என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ. உங்கள் மகள் போன பிறகு எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது. காது வாங்கிக்கொள்கிறது, அதற்குமேல் ஒன்றும் நடப்பதில்லை.

பிறகு உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் பேசினீர்கள், எனக்கு மூச்சு மட்டும்தான் கேட்டது. இந்த நோயில் குரலும் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதாக அத்தை சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

எந்தப் பக்கம் அதிகம், வலதா இடதா? கையோடு நிற்கிறதா, காலுக்கும் வந்துவிட்டதா? கார் ஓட்டுவது பற்றி டாக்டர் என்ன சொன்னார்?

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அதை நலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாண்டுவுக்கு அப்பாவின் முத்தம்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 12

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுறேன். தொண்டை போயிடுச்சு, அதனால பேசுறதையே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க மூணு பேரும் சுகம். உங்க அத்தை அழறத நிறுத்திட்டுத் திட்ட ஆரம்பிச்சுட்டா, அப்ப வீடு சரியாகிட்டு வருதுன்னு அர்த்தம். வாண்டுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. "ஸ்கூல்"னு சொன்னா வெறும் காத்துதான் வருது.

அந்த டாக்டரம்மா என்கிட்ட வண்டி கத்துக்கிட்ட பொண்ணுதான். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா அப்பவே அழுவா. இப்ப எனக்கு நடந்து காட்டச் சொல்றா. "இப்போதைக்கு ஓட்டலாம் மாஸ்டர். எதாவது மாறினா நீங்களே வந்து சொல்லிடணும்"னா. ஊர்ல பாதிப்பேரு நான் சொல்லித்தான் கியர் போடுறான், எனக்குத் தெரியாதா.

நம்ம வீட்டு மேடு உங்களுக்குத் தெரியும். பஸ்ஸும் ஏறாது, ஸ்கூல் வேனும் கீழ பாலத்தோட திரும்பிடும். அங்கிருந்து லாரி போற ரோடு. பிள்ளைய நடக்க விட முடியாது. கார் இருக்கிறவரைக்கும் கவலை இல்ல.

வலது கைதான் ஆடுது. வலது காலு கொஞ்சம் கனமா இருக்கு, ஈரச் செருப்புப் போட்ட மாதிரி. அவ்வளவுதான். பிரேக் மிதிக்கிறத லேசாக்க உங்க தொழில்ல எதாவது வழி இருக்கா?

வேளைக்குச் சாப்பிடுங்க. ஓட்டல்ல வேண்டாம்.

மாமா


மார்ச் 3

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையை உட்கார்ந்து முழுசாக யோசித்தேன். அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் அகலமான பிரேக் மிதி இருக்கிறது, பழையதைவிட இரண்டு மடங்கு. கால் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அதன்மேல்தான் விழும். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள், எப்படிப் பொருத்த வேண்டும் என்று படம் போட்டு வைத்திருக்கிறேன். பிரேக்குக்கு உந்துதல் கொடுக்கும் பாகத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், மிதிக்கிற பாரம் பாதியாகிவிடும்.

இன்னொன்று. டிரைவிங் ஸ்கூலை மூடியபோது, பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழே நீங்கள் மிதிக்கும் இரண்டாவது பிரேக்கைக் கழற்றப் போவதாகச் சொன்னீர்கள். கழற்றிவிட்டீர்களா? கழற்றாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். அத்தை அந்த சீட்டில் உட்காரட்டும். உங்கள் கால் தாமதித்தால் அத்தையின் கால் இருக்கும். ஒரு பிரேக் போனாலும் இன்னொன்று நிறுத்த வேண்டும், எங்கள் கூடத்தில் முதல் பாடமே அதுதான்.

மிதி எவ்வளவு கீழே போகிறது என்று அளந்து எழுதுங்கள். மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்து மாட்டியாச்சு. வெண்ணெய் மாதிரி இருக்கு. பட்டறைக்காரன் உங்க படத்தைப் பாத்துட்டு, "மாப்பிள்ளைதான் எனக்குச் சம்பந்தி"ன்னான். பொண்ணுக்கு ஏழு வயசுன்னேன். காத்திருக்கேன்னான்.

ரெண்டாவது பிரேக் அப்படியேதான் இருக்கு. உங்க அத்தைக்குப் பாடம் எடுத்த கதையக் கேளுங்க. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், இப்படி ஒரு மாணவியப் பாத்ததில்ல. கிளம்பின உடனே மிதிச்சா. மூணு பேரும் முன்னாடி போய் வந்தோம்.

"எதுக்குடி புடிச்ச?"

"நாய்."

"அது கேட்டுக்கு உள்ள படுத்துத் தூங்குது."

"எந்திரிச்சா?"

"எந்திரிச்சாலும் கேட்டு பூட்டியிருக்கு."

"பூட்டைத் தெறந்துட்டா? உங்களுக்கு எல்லாத்துலயும் அலட்சியம்."

பின்னாடி வாண்டு சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு விக்கலே வந்துடுச்சு. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு மாப்பிள்ளை. இப்ப அத்தை காலையிலயும் சாயங்காலமும் கூட வர்றா. திரும்பி வந்ததும் முட்டியத் தேச்சுக்கிட்டே உங்களையும் என்னையும் சேத்துத் திட்டுறா.

என் எழுத்து பொடிசாகிட்டே போகுது, இதுவும் அந்த வியாதியோட வேலைதானாம். கண்ணாடி போட்டுப் படிங்க.

ஏப்ரல்ல லீவு விடுறாங்க. வாண்டுவ உங்ககிட்ட ரெண்டு வாரம் அனுப்பவா?

மாமா


மே 8

மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே புது வண்டி ஒன்றின் சோதனை நடக்கிறது, லீவு கேட்க முடியவில்லை. வீட்டில் பெயின்ட் வேலையும் இருக்கிறது. வாண்டுவுக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு அனுப்பிய சைக்கிள் வந்து சேர்ந்ததா?

மிதியின் அளவை நீங்கள் எழுதவே இல்லை. பாதம் வழுக்குகிறதா? வழுக்கினால் சொரசொரப்பான ரப்பர் அனுப்புகிறேன். மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து வண்டி எடுக்கிறீர்கள்? அத்தையின் முட்டி எப்படி இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 2

மாப்பிள்ளைக்கு,

நாங்க சுகம். நீங்களும் அப்படியே இருக்கணும். சைக்கிள் வந்துடுச்சு. மேட்டுல ஓட்ட முடியாது, வீட்டுக்குள்ளயே ஓட்டுறா. அத்தை சமையக்கட்டு வாசல்ல கைகாட்டி போலீஸ் மாதிரி நிக்கிறா.

அத்தைக்கு முட்டி வீங்கிடுச்சு. வண்டில ஏறி இறங்க முடியல. ஒரு மாசமா நானும் வாண்டுவும் மட்டும்தான் போயிட்டு வர்றோம். ஒரு தொந்தரவும் இல்ல.

போன வியாழக்கிழமை வாண்டுக்குக் காய்ச்சல், ஸ்கூல் போகல. நான் மட்டும் மருந்து வாங்கக் கிளம்பினேன். மருந்துக்கடை வாசல் கம்பத்துல லேசா முட்டிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்ல, முன்பக்க விளக்கு ஒண்ணு போச்சு. அந்தக் கம்பத்தை ஏற்கெனவே தப்பான இடத்துலதான் நட்டு வச்சிருக்கான். காய்ச்சல் மறுநாளே விட்டுடுச்சு, திங்கக்கிழமை நாங்க வழக்கம்போலக் கிளம்பிட்டோம்.

உங்க வீட்டுப் பெயின்ட் காஞ்சுடுச்சா? வாண்டு கேக்கச் சொன்னா. நான் சொல்லிக் குடுக்கல.

மாமா


ஜூலை 9

மாமாவுக்கு,

இன்று மதியம் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாண்டு எடுத்தாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தாத்தா கம்பத்துல இடிச்சுட்டாராமே?"

"ஆமாப்பா. அன்னிக்கு நான் இல்லல்ல, அதான்."

"நீ இருந்தா?"

"நான் இருந்தா விடு-புடி சொல்லுவேன். தாத்தா கால் சில சமயம் தூங்கிடும்பா. நான் பின்னாடி இருந்து தோள்ல தட்டி, விடுன்னு சொன்னா ஆக்ஸிலேட்டர விடும், புடின்னு சொன்னா பிரேக்குக்குப் போயிடும். தாத்தா முன்னாடி எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுப்பாராம். இப்ப நான்தான் மாஸ்டர்."

"நீ சொல்ல மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன். அதுக்குத்தான் வண்டில பேசவே மாட்டேன். ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

மாமா, அத்தை வராததால் இரண்டாவது பிரேக் இருந்தும் இல்லாமல் போய் ஒரு மாதமாகிவிட்டது. நான் அனுப்பிய மிதியில் ஒரு கோளாறும் இல்லை. அதன்மேல் கால் வரவேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலை வரவழைக்க ஏழு வயதுப் பிள்ளை வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரேக்கில் இப்படி ஒரு பாகம் இருக்கிறது என்று எங்கள் கூடத்தில் யாராவது சொன்னால் வண்டியை வாசலைத் தாண்ட விட மாட்டோம்.

அவள் இனி அந்தக் காரில் ஏறக் கூடாது. நீங்களும் ஓட்ட வேண்டாம். அத்தையிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். "அவருகிட்ட நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, நான் சொன்னா சண்டைதான் வரும்" என்றார்கள். உங்களிடம் ரிசீவரைக் கொடுத்தார்கள். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 16

மாப்பிள்ளைக்கு,

அன்னைக்குப் போன்ல நான் சொன்னது உங்களுக்குக் கேக்காதது நல்லதாப் போச்சு. இப்ப எழுதுறேன்.

எந்தப் பக்கம் அதிகம்னு கேட்டீங்க. மிதி எவ்வளவு கீழ போகுது, பாதம் வழுக்குதா, மாத்திரை எப்பன்னு கேட்டீங்க. பின் சீட்ல யாரு உக்காந்திருக்கான்னு ஒரு கடுதாசிலயும் கேக்கல. உங்களுக்குத் தெரியாமயா? உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேருக்குமே அது சௌகரியமா இருந்துச்சு. நான் நிறுத்தினா வாண்டு இங்க இருந்து ஸ்கூல் போக முடியாது. நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். உங்களால இப்ப முடியாது. நான் குத்திக்காட்டல. அம்மா இல்லாத வீட்ல ஒரு பிள்ளைக்குத் தலை பின்னி விடுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியும்.

எனக்கும் முடியாது. என் பொண்ணு போனா. அவ பொண்ணும் போயிட்டா, இந்த வீட்ல உங்க அத்தை யார்கிட்டப் பேசுவா? என் குரல் பக்கத்து ரூமுக்கே எட்டல.

வாண்டுவ ஏத்தக் கூடாதுன்னு சொன்னீங்க, அது சரி. உங்க பிள்ளை. பட்டறைக்காரன் இந்த மாசம் முழுக்கக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். அவனும் எத்தனை நாளைக்கு வேலையப் போட்டுட்டு வருவான்? ஆனா நான் ஓட்டலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லி நான் கேக்க மாட்டேன். அத்தை சொல்லியும் கேக்க மாட்டேன். இந்த ஊர்ல யாரு ஓட்டலாம் யாரு ஓட்டக் கூடாதுன்னு சொன்னவன் நான். எனக்கும் நானே பாத்துச் சொல்லிக்கிறேன்.

உடம்பு பத்திரம்.

மாமா


ஆகஸ்ட் 5

மாப்பிள்ளைக்கு,

நீங்க பதில் போடல. சரி.

நான் ஒருத்தர டெஸ்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என்ன செய்வேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்களும் என்கிட்டத்தான் கத்துக்கிட்டீங்க. வாயத் திறக்க மாட்டேன். விடுன்னும் சொல்ல மாட்டேன், புடின்னும் சொல்ல மாட்டேன். நான் சொல்லாம நின்னாத்தான் அவன் டிரைவர். நல்லா ஓட்டுறவன்கூட அதுல தோத்திருக்கான். கெஞ்சுவாங்க, அழுவாங்க, அப்பா அம்மாவக் கூட்டிட்டு வருவாங்க. நான் அனுப்பினதில்ல.

ஞாயித்துக்கிழமை பயிற்சி மைதானத்துக்குப் பட்டறைக்காரன வண்டி ஓட்டச் சொல்லிப் போனேன். அங்க அவன ரெண்டாவது பிரேக்குல உக்கார வச்சுட்டு நான் ஸ்டியரிங்கப் புடிச்சேன். "என்ன ஆனாலும் பேசாத. இடிக்கப்போற நேரத்துல மட்டும் மிதி"ன்னேன். நடுவுல ஒரு அட்டைப்பெட்டி வச்சிருந்தோம். மாத்திரை போட்டு நல்லா வேலை செய்யிற நேரம்தான். மொதத் தடவை நின்னேன். ரெண்டாவது தடவையும் நின்னேன். அவன் என்னப் பாத்துச் சிரிச்சான், நானும் சிரிச்சேன். மூணாவது தடவை காலு வரல. மூளை மிதி மிதிங்குது, காலு யாரோட காலோ மாதிரி ஆக்ஸிலேட்டர் மேலயே உக்காந்திருக்கு. அவன் மிதிச்சான். அதுக்குள்ள பெட்டி சக்கரத்துக்குள்ள போயிடுச்சு.

"மாஸ்டர், ஒரு தடவைதானே. ரெண்டு தடவ நின்னுச்சே"ன்னான்.

"எவனாவது ஒருத்தன மூணுக்கு ரெண்டு தடவ நின்னான்னு நான் அனுப்பி நீ பாத்திருக்கியா?"ன்னேன்.

நான் இறங்கிச் சாவிய அவன் கையில குடுத்தேன். டாக்டரம்மாகிட்டப் போய் நானே சொல்லிட்டேன், அவ எழுதவேண்டிய இடத்துக்கு எழுதிட்டா. இந்தத் தடவையும் அவ கண்ணுல தண்ணி. "ரிவர்ஸ் எடுக்கச் சொல்லலம்மா"ன்னேன்.

முடிஞ்சுது. நான் தோத்துட்டேன், நான்தான் தோக்கடிச்சேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல.

வாண்டுவோட துணியெல்லாம் அத்தை மடிச்சு எடுத்து வச்சுட்டா. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. தலை பின்ன வரலைன்னா வெட்டி விட்டுடுங்க, அவ அம்மாவுக்கும் சின்ன வயசுல நான் வெட்டித்தான் விட்டேன், ஒரு பக்கம் ஏத்தம், ஒரு பக்கம் இறக்கம். ராத்திரி ஒரு தடவை எழுந்து தண்ணி கேப்பா. மத்தபடி தொல்லை கிடையாது.

இதை எழுத மூணு நாளாச்சு. எப்ப வர்றீங்கன்னு அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க.

மாமா


ஆகஸ்ட் 22

மாமாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை, நேராகவே எழுதுகிறேன்.

பெயின்ட் என்று ஒன்று இங்கே நடக்கவே இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் போன நாளிலிருந்து நான் ஹால் சோபாவில்தான் படுக்கிறேன். படுக்கை அறைக் கதவைத் திறக்கவில்லை. மாற்றுத் துணி இல்லாமல் நாலு சட்டை புதிதாக வாங்கினேனே தவிர, உள்ளே போய் எடுக்கவில்லை. இந்த வீட்டுக்கு எப்படி வாண்டுவை அழைத்து வருவது?

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். காலு யாரோட காலோ மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முழு உடம்பும் ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு நோய், மருந்து சாப்பிட்டும் கால் வரவில்லை. எனக்கு எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று கதவைத் திறந்தேன். அவள் துணிகளைப் பெட்டியில் போட்டேன். எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன், தூசி பறந்தது, தும்மினேன். அதன் பிறகு தரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதேன். இதுதான் முதல் தடவை.

வாண்டுவை அழைத்துப்போக நான் வரவில்லை. அவள் துணியை அத்தை மறுபடி அலமாரியில் வைக்கட்டும். உங்கள் ஊர் பஸ் பணிமனையில் பிரேக் பார்க்க ஆள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. போனவாரம் எழுதிப் போட்டேன், இன்று பதில் வந்தது, ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டேன். மேட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து பணிமனை. ஒரே வழி. இனி நான் ஓட்டுகிறேன். அத்தையின் முட்டிக்கு, உங்கள் டாக்டரம்மாவுக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் டிரைவர். மாடி அறையை எனக்குக் கொடுங்கள், போதும்.

வாண்டுவிடம் மட்டும் காலையில் போனில் பேசிவிட்டேன்.

"எவ்ளோ நாளைக்குப்பா?"

"திரும்பிப் போக மாட்டேன்."

"அப்ப என் ரூம்ல படுக்காத. நீ குறட்டை விடுவ" என்றாள். பிறகு, "வண்டில போறப்ப நான் பேசலாமா?" என்று கேட்டாள். வீடு வரும்வரை பேசு என்றேன்.

நீங்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டீர்கள். பெரிய வேலையை விட்டுவிட்டு வரலாமா என்பீர்கள், எங்களுக்காக வேண்டாம் என்பீர்கள், அதையெல்லாம் அத்தையை விட்டுச் சொல்லச் சொல்வீர்கள். அத்தை அழுதால் நான் மறுபடியும், "சரி அத்தை, கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இங்கே மேனேஜரும் காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நல்ல மனுஷர், நன்றாகப் பேசுவார். நான் யாருடைய பேச்சையும் கேட்கப் போவதில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டுச் சாமான் கட்ட உட்காருகிறேன், சனிக்கிழமை மதியம் வீட்டு வாசலில் இருப்பேன். அதுவரை என்னைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

போனை அணைத்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை